பன்னிரண்டு மணி நேரச் சுற்றுலாவில் தண்ணீர்மேல் எத்தனை மணி?

வியட்நாமின் ஹாலோங் விரிகுடாவில் ஒருநாள் படகுச் சுற்றுலா போவது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஹனோயிலிருந்து போய்வரும் ஹாலோங் ஒருநாள் படகுச் சுற்றுலாவை ஒருவர் 40 டாலர் என்கிறார், இன்னொருவர் 80 டாலர் என்கிறார். புகைப்படங்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. மலிவானதையே எடுத்துவிடலாமா?

பதில்: புகைப்படத்தை முதலில் ஓரம் தள்ளுங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் பாறைகளும் அங்கே இருக்கின்றன. யார் படகில் போனாலும் அவை அதே இடத்தில்தான் நிற்கும். நீங்கள் காசு கொடுப்பது இரண்டு விஷயத்துக்கு: தண்ணீர்மேல் எத்தனை மணி நேரம், எந்தப் படகில். விளம்பரத்தில் இந்த இரண்டையும்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை எட்டு மணிவாக்கில் ஹனோய் விடுதி வாசலுக்கு வேன் வரும். அங்கங்கே நின்று மற்றவர்களை ஏற்றிக்கொண்டு நகரத்தைத் தாண்டவே அரை மணி, முக்கால் மணி ஆகும். வழியிலுள்ள ஹாய்ஃபோங் நகரத்துக்கும் ஹாலோங்குக்கும் இடையிலான விரைவுச் சாலை 2018-ல் திறந்தது. அதற்கு முன்பு நான்கு மணி நேரம் பிடித்த ஹனோய்–ஹாலோங் பயணம் இப்போது இரண்டரை மணிக்குள் முடிகிறது. ஆனால் நடுவில் ‘ஓய்வு’ என்று ஒரு பெரிய கடை வாசலில் இறக்கிவிடுவார்கள். சிலைகள், எம்பிராய்டரிப் படங்கள், முத்து மாலைகள், கடைசியாகக் கழிப்பறை. கழிப்பறைக்குப் போகும் வழி கடையின் முழு நீளத்தையும் சுற்றித்தான் இருக்கும். நான் போனபோது அங்கே இருபது நிமிடம் என்று சொல்லி ஐம்பது நிமிடம் நிறுத்தினார்கள். அந்த ஐம்பது நிமிடமும் என் படகு நேரத்திலிருந்துதான் போயிற்று.

ஆக, படகில் ஏறும்போது மதியம் ஆகிவிடும். இரவு எட்டு மணிக்கு ஹனோய் திரும்ப வேண்டுமென்றால் மாலை ஐந்துக்குள் கரையில் இறக்கியாக வேண்டும். பன்னிரண்டு மணி நேரச் சுற்றுலா என்று எழுதியிருந்தாலும் தண்ணீர்மேல் நான்கு மணி நேரம்தான் மிஞ்சும். அதிலும் ஒரு மணி நேரம் சாப்பாடு. ஆறு மணி நேரம் தண்ணீரில் இருக்க வேண்டுமென்றால் காலையில் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் இரவு தாமதமாகத் திரும்ப வேண்டும். மூன்றாவது வழி, முந்தைய நாளே ஹாலோங் போய்த் தங்கிவிடுவது.

இந்த நான்கு, ஆறு என்பது வெறும் நேரக் கணக்கு அல்ல, போகும் இடமே மாறும். விரிகுடா நிர்வாகம் வழித்தடங்களுக்கு எண் கொடுத்திருக்கிறது. நான்கு மணிநேரப் படகுகள் பெரும்பாலும் முதல் வழித்தடத்தில் போகும்: தியென் குங் குகை, தாவ் கோ குகை, சேவல் சண்டைப் பாறை, ஊதுவத்திக் கிண்ணப் பாறை. எல்லாம் கரைக்குப் பக்கம், கூட்டமும் அதிகம். ஆறு மணிநேரப் படகுகள் இரண்டாம் வழித்தடத்துக்குப் போகும்: சுங் சொட் குகை, டி டாப் தீவு, லுவான் குகை. இணையத்தில் நீங்கள் பார்த்து மயங்கிய படம், உயரத்திலிருந்து விரிகுடா முழுவதும் தெரிகிறதே, அது பெரும்பாலும் டி டாப் தீவின் உச்சியில் எடுத்தது. நான்கு மணிநேரப் படகை வாங்கிவிட்டு அந்தக் காட்சியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அதனால் விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: எந்த வழித்தடம்? படகு கரையை விடுவது எத்தனை மணிக்கு, திரும்பிக் கரை சேர்வது எத்தனை மணிக்கு? படகின் பெயர் என்ன? நுழைவுச்சீட்டு, சாப்பாடு, கயாக் (நாமே துடுப்புப் போடும் சின்னப் படகு) எல்லாம் விலையில் சேர்ந்ததா? வழியில் கடையில் நிறுத்துவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். ‘படகு அன்று காலைதான் தெரியும்’ என்று பதில் வந்தால், பல ஏஜென்ட்கள் பிடித்த ஆட்களை மொத்தமாக ஒரு படகில் ஏற்றும் ஏற்பாடு அது. தப்பென்று சொல்லமாட்டேன், 40 டாலருக்கு அது நியாயம்தான். 80 கொடுத்துவிட்டு அதில் ஏறக்கூடாது.

முதல் வழித்தடமே போதும் என்பவர்களுக்கு ஒரு சின்ன விளையாட்டு: வியட்நாம் பணமான டாங்கில் 2,00,000 நோட்டின் பின்பக்கத்தில் அந்த ஊதுவத்திக் கிண்ணப் பாறை அச்சாகியிருக்கிறது. நோட்டைக் கையில் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: லான் ஹா விரிகுடா, பாய் து லோங் விரிகுடா என்று வேறு பெயர்களில் விற்கிறார்கள். “எல்லாம் ஹாலோங்தான் சார்” என்கிறார் ஏஜென்ட். உண்மையா?

பதில்: பாதி உண்மை. பாறைகள் ஒரே சாதி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் கடல்பகுதிகள்தான். லான் ஹா தெற்கே காட் பா தீவை ஒட்டியது, ஹாய்ஃபோங் நிர்வாகத்தில் இருக்கிறது. 1994-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஹாலோங்கோடு காட் பா தீவுக்கூட்டத்தை 2023-ல் சேர்த்துவிட்டார்கள். பாய் து லோங் வடகிழக்கே இருக்கிறது. இரண்டிலும் கூட்டம் குறைவு, கயாக் ஓட்டவும் நீந்தவும் வசதி அதிகம். என்னைக் கேட்டால், ஏற்கெனவே குகைகள் நிறையப் பார்த்தவர்கள் லான் ஹாவையே எடுக்கலாம். ஆனால் சுங் சொட், டி டாப் இரண்டும் அந்தப் பக்கத்தில் கிடையாது. ஒன்றை விற்று இன்னொன்றுக்குக் கூட்டிப்போனால் அது வேறு பொருள்தான், ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. சுத்த சைவம். கூட்டிப்போகலாமா?

பதில்: தாராளமாக. படகு ஆட்டம் குறைவு, பாறைகளே அலையை உடைத்துவிடும். பிரச்சினை படிகள்தான். டி டாப் உச்சிக்கு நானூறுக்கு மேற்பட்ட படிகள். சுங் சொட் குகையிலும் ஏறி இறங்கவே நூற்றுக்கணக்கான படிகள் உண்டு. உள்ளே போய்விட்டால் பாதியில் திரும்புவது கஷ்டம், ஒருவழிப் பாதை மாதிரி. அம்மா அந்த நேரம் படகிலேயே உட்கார்ந்திருக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில படகுகள் ஆட்களை இறக்கிவிட்டு வேறு துறையில் போய்க் காத்திருக்கும், அப்போது அவர் இருக்கையில் இருப்பதில் ஒரு தொல்லையும் இல்லை. லுவான் குகையில் கயாக்குக்குப் பதிலாக உள்ளூர்க்காரர் துடுப்புப் போடும் மூங்கில் படகைக் கேளுங்கள். தாழ்வான பாறை வளைவுக்கு அடியில் நுழைந்து, சுற்றிலும் மலை சூழ்ந்த அமைதியான குளத்துக்குள் போகும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்தச் சுற்றுலாவிலேயே சிறந்த அரை மணி நேரம் அதுதான்.

சாப்பாட்டுக்கு முன்பதிவிலேயே ‘சாய்’ என்று எழுதச் சொல்லுங்கள். வியட்நாமியத்தில் சைவ உணவுக்கு அதுதான் சொல். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் காய்கறிப் பொரியல் வரும், அதில் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி, மறைத்ததாகவே தோன்றாது. எதற்கும் ஒரு பொட்டலம் கையில் இருக்கட்டும்.

கேள்வி: ஆகஸ்டில் போகிறோம். புயல் வந்து படகு ரத்தானால் பணம் திரும்ப வருமா? போன வருடம் படகு கவிழ்ந்த செய்தியைப் படித்ததிலிருந்து வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: பயம் நியாயமானது. 2025 ஜூலை 19 அன்று மதியத்துக்கு மேல் திடீரென்று அடித்த சூறைக்காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் மூடிய அறைக்குள் சிக்கிக்கொண்டவர்கள். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் யாகி புயல் வந்தபோது கரையோரம் கட்டிவைத்திருந்த பல சுற்றுலாப் படகுகள் மூழ்கின. ஜூன் முதல் அக்டோபர் வரை அங்கே புயல் காலம். தேதியை மாற்ற முடியுமென்றால் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை புயல் இல்லை, ஆனால் மூடுபனி, தூறல். பாறைகள் சாம்பல் நிற நிழல்களாகத்தான் தெரியும். (எனக்கு அதுவும் பிடிக்கும், ஆனால் குழந்தைகள் சலித்துப்போவார்கள்.)

ஆகஸ்டுதான் என்றால், ஹனோயில் ஒரே ஒரு நாளை மட்டும் இதற்கு ஒதுக்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு நாள் தளர்வாக இருந்தால் ‘எப்படியாவது போயே ஆகணும்’ என்ற நெருக்கடி இருக்காது. பணம் விஷயத்தில் இரண்டு ரத்துகளைப் பிரித்துப் பாருங்கள். துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்தச் சொன்னால் அது ஒரு வகை. நல்ல நிறுவனங்கள் முழுப்பணத்தைத் திருப்பும், அல்லது தேதி மாற்றித் தரும். நீங்களே வானத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அது வேறு வகை, சாதாரண ரத்து விதிதான் பொருந்தும். முதல் வகையில் என்ன தருவார்கள் என்பதை முன்பதிவு விதியில் தேடுங்கள். ‘நிலவரப்படி முடிவு செய்யப்படும்’ என்று மட்டும் இருந்தால் வேறு இடம் பாருங்கள். படகு பாதியில் திரும்பினால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதையும் கேளுங்கள், இதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. ‘24 மணி நேரத்துக்கு முன்புவரை இலவச ரத்து’ என்பது பெரும்பாலும் வியட்நாம் நேரப்படி கணக்காகும். நம் கடிகாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும் நேரம் அது.

படகில் ஏறியதும் உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது, குழந்தை அளவில் இருக்கிறதா, அறையிலிருந்து வெளியேற எத்தனை வழி என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். வானம் கறுத்துக் காற்று திரும்பினால் ஏசி அறைக்குள் ஒதுங்கத்தான் தோன்றும். சட்டையை மாட்டிக்கொண்டு வெளிவழிக்குப் பக்கத்தில் இருப்பதே நல்லது. கயாக்கிலும் சட்டையில்லாமல் ஏறாதீர்கள், நீச்சல் தெரிந்தவர்களுக்கும்தான் சொல்கிறேன்.

கேள்வி: படகில் ஏறிய பிறகு தனியாக என்னென்ன செலவு வரும்?

பதில்: பானங்கள். சாப்பாடு விலையில் சேர்ந்திருக்கும், குடிக்கும் தண்ணீர் பாட்டிலுக்குக்கூட சில படகில் தனிக்காசு. சாப்பாட்டு மேசையில் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு சொல்லுங்கள். கயாக் சேர்ந்ததா என்பதை ஏற்கெனவே எழுத்தில் வாங்கியிருப்பீர்கள். முத்துப் பண்ணையில் நிறுத்தினால் சிப்பி திறந்து காட்டுவதைப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். வாங்குவது உங்கள் இஷ்டம், வாங்காமல் வந்தால் வழிகாட்டி முகம் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். கார்டு தேய்க்கும்போது இயந்திரம் ‘டாங்கிலா, உங்கள் நாட்டுப் பணத்திலா’ என்று கேட்டால் டாங்கைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்றில் மாற்று விகிதத்தை அவர்களே வைப்பார்கள், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

கேள்வி: சென்ற மாதம் போய்வந்தோம். இங்கேயுள்ள ஏஜென்சியில் ஆறு மணிநேரப் படகுக்குப் பணம் கட்டினோம். அங்கே வேறொரு பழைய படகில் ஏற்றி, நான்கு மணி நேரத்தில் கரையில் இறக்கிவிட்டார்கள். டி டாப் தீவுக்கே போகவில்லை. கேட்டால் “அங்குள்ளவர்கள் செய்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்கிறார்கள். ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். நீங்கள் பணம் கட்டியது ஏஜென்சியிடம், உங்களுக்குப் பொறுப்பும் அவர்கள்தான். அங்குள்ளவர்களோடு கணக்கு தீர்ப்பது அவர்கள் பாடு. கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: படகின் பெயரோ ஆறு மணி நேரம் என்பதோ எழுதிய முன்பதிவுத் தாள், கட்டிய ரசீது, அன்றைய கைபேசிப் படங்கள். படங்களில் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று இருந்தாலே நான்கு மணி நேரம் என்பது நிரூபணம். படகின் பக்கவாட்டில் உள்ள பெயரும் பதிவு எண்ணும் எந்தப் படத்திலாவது விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

முதலில் ஏஜென்சிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் சண்டை போடுவதால் பயனில்லை. பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். கார்டில் கட்டியிருந்தால், விற்ற சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடமும் உடனே முறையிடுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதியுங்கள். அதிலும் நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஏஜென்சி வேறு ஊரில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேட்கும் தொகையில் மட்டும் நிதானம் வேண்டும். முழுப் பயணச் செலவையும் கேட்காதீர்கள். நான்கு மணிநேரப் படகுக்கும் ஆறு மணிநேரப் படகுக்கும் அதே தேதியில் என்ன விலை வித்தியாசம் என்று இரண்டு மூன்று இடத்து விலைப்பட்டியலை எடுத்து இணையுங்கள். வித்தியாசத்தொகை, அதோடு அலைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை. அந்த மின்னஞ்சலிலேயே இந்தக் கணக்கைக் காட்டிவிட்டால், பல ஏஜென்சிகள் ஆணையம்வரை இழுக்காமல் இறங்கிவரும்.