கொட்டகைக் காற்று: பண்ணையாளர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: ராசிபுரம் அருகே ஆழ்கூள முறையில் (தரையில் உமி போன்ற கூளத்தைத் தடிமனாகப் பரப்பி) கறிக்கோழி வளர்க்கிறேன். அதிகாலையில் உள்ளே நுழைந்தால் கண் எரிகிறது. பத்து நிமிடத்தில் பழகிவிடுகிறது. இதைப் பொருட்படுத்த வேண்டுமா, ஐயா?

பதில்: பழகியது உங்கள் மூக்குதானே தவிர, காற்று மாறிவிடவில்லை. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிரிகள் சிதைப்பதால் அம்மோனியா உண்டாகிறது. கூளத்தில் ஈரமும் சூடும் ஏற ஏற அது பெருகும். இரவில் கொட்டகையின் பக்கவாட்டுத் திரையான படுதாவை முழுதாக இறக்கி வைப்பதால் விடியற்காலையில் அடர்த்தி மிகுதியாக இருக்கும். அமெரிக்கப் பணியிட நல ஆய்வு நிறுவனம் தொழிலாளர்களுக்குப் பரிந்துரைக்கும் சராசரி வரம்பு 25 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு); கண் எரிந்தால் அந்த எல்லை நெருங்கிவிட்டது, அல்லது கடந்துவிட்டது என்றே கொள்ளுங்கள். கோழியின் மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமிகளையும் வெளியே தள்ளும் நுண்ணிழைகள் இந்த அளவிலேயே சேதமடையத் தொடங்குவதால், ஈ.கோலை என்னும் பாக்டீரியாவும் வெள்ளைக்கழிச்சல் என்னும் வைரஸ் நோயும் எளிதில் தொற்றுகின்றன. நீங்கள் ஐந்தடி உயரத்தில் சற்று நேரம் நின்று திரும்புகிறீர்கள். கோழியோ கூளத்தை ஒட்டியே நாள் முழுவதும் மூச்சு விடுகிறது. ஒருமுறை குந்தி அமர்ந்து, அதன் தலை உயரத்தில் மூச்சிழுத்துப் பாருங்கள். படுதாவின் மேற்புறத்தில் இரவிலும் இடைவெளி விட வேண்டும்.

கேள்வி: நாற்றம் வந்தால் கூளத்தின் மேல் சுண்ணாம்பு தூவுவது எங்கள் வழக்கம். அது சரியா?

பதில்: நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் தவறு இது. சுண்ணாம்பு ஈரத்தை ஓரளவு உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் அது காரத்தன்மையைக் கூட்டுவதால், கூளத்துக்குள் உப்பு வடிவில் அடங்கிக் கிடக்கும் நைட்ரஜன் அம்மோனியா வாயுவாக மாறி வெளியேறுகிறது. கோழிகளை விற்று, கூளத்தை அள்ளி, தரையைக் கழுவிய பின் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பைப் பயன்படுத்துங்கள். கோழி இருக்கும்போது வேண்டாம். கூளத்தின் அமிலத்தன்மையைக் கூட்டும் படிகாரம் அந்த வாயுவைக் கட்டுப்படுத்தும். எனினும், எதைத் தூவுவது என்பதைவிட ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதே முதற்கேள்வி. என் பார்வையில் பாதிக் கொட்டகைகளின் நாற்றத்துக்குக் காரணம், கோழிகள் கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனையான நிப்பிள் ஒழுகுவதுதான். ஒரு பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்து விடுங்கள்; உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். கட்டிதட்டிய பகுதியை வெளியேற்றிவிட்டு, படுதாவை முழுதாகத் தூக்கிய பகல் வேளையில் மற்றதைக் கிளறுங்கள். கிளறும்போதும் அம்மோனியா எழும்.

கேள்வி: என்-95 (N95) வகை முகக்கவசம் அணிந்தால் போதுமா?

பதில்: தூசிக்குப் போதும், வாயுவுக்குப் போதாது. இறகுத்துகள், உலர்ந்த எச்சம், தீவனத்தூள் ஆகியவற்றை அது வடிகட்டும். அம்மோனியா அதன் வழியே நேராகப் போய்விடும். வாயுவைத் தடுக்க அதற்கென அமைந்த வடிகட்டிக் குப்பி பொருத்திய கவசம் தேவை. தாடி வைத்திருந்தால் எந்தக் கவசமும் முகத்தோடு சரியாகப் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோல் போரைப் பிரித்த அன்று மாலை என் தந்தைக்குக் குளிர்காய்ச்சலும் இருமலும் மூச்சிரைப்பும் வந்தன. மறுநாள் சரியாயின. இரண்டு முறை இப்படி ஆகிவிட்டது.

பதில்: அவரை நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, வைக்கோல் விவரத்தை நீங்களே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றே மருந்து தரப்படலாம். பூஞ்சை வைக்கோலில் வளரும் நுண்ணுயிர்களின் வித்துகளுக்கு நுரையீரல் ஒவ்வாமையாக வினைபுரிவதை 'விவசாயி நுரையீரல்' நோய் என்பார்கள். தூசியைச் சுவாசித்த 4 முதல் 8 மணி நேரம் கழித்தே அறிகுறிகள் தோன்றுவதால், காரணத்தையும் காய்ச்சலையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. திரும்பத் திரும்ப நேர்ந்தால் நுரையீரலில் மீளாத தழும்பு உண்டாகலாம். அந்தப் போரை அவர் இனித் தொட வேண்டாம்.

கேள்வி: சாண எரிவாயுக் கலத்தைச் சுத்தம் செய்ய உள்ளே இறங்கலாமா? இப்போது நாற்றமே இல்லை.

பதில்: இறங்கவே கூடாது. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். சுமார் 100 பிபிஎம் அளவில் அது மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும் என்பதால், நாற்றம் இல்லாதது அபாயம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுவார். மூச்சுக்கருவியோடு வரும் தீயணைப்புத் துறையினரை 101 அல்லது 112 எண்ணில் அழையுங்கள்.