இரும்புப் பெட்டி திறக்கவில்லையா? கடப்பாரையைக் கீழே வையுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை லாக்கர், இரும்புப் பெட்டி பற்றி வந்த கடிதங்களை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். பெட்டகம் பழுது பார்க்கும் வேலையில் 28 வருடம் இருந்தவன் என்பதால் ஆசிரியர் என்னைப் பதில் எழுதச் சொன்னார்.

கேள்வி: அலமாரிக்குள் பொருத்திய டிஜிட்டல் லாக்கர் ஒரு வாரமாகத் திறக்கவில்லை. நம்பர் அழுத்தினால் பச்சை விளக்கு எரிகிறது, பீப் சத்தமும் வருகிறது, கைப்பிடி மட்டும் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம், நகையெல்லாம் உள்ளே. அவசர சாவி இரண்டும் லாக்கருக்குள்ளேயே இருக்கின்றன. வெல்டிங் பட்டறை ஆளைக் கூப்பிடலாம் என்கிறார் என் கணவர். – ஒரு வாசகி, கோவை

பதில்: பட்டறை ஆள் இப்போதைக்கு வேண்டாம் அம்மா. பச்சை விளக்கு எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல செய்தி. உங்கள் நம்பரை லாக்கர் ஏற்றுக்கொள்கிறது. அதற்கப்புறம் உள்ளே ஒரு சின்ன மோட்டாரோ காந்தச் சுருளோ தாழை விடுவிக்க வேண்டும், அந்த இடத்தில்தான் நிற்கிறது. விளக்கு எரியக் கொஞ்சம் மின்சாரம் போதும், தாழை நகர்த்த அதைவிட நிறைய வேண்டும். அதனால் பேட்டரி பாதி செத்த நிலையில் விளக்கு நன்றாகவே எரியும், கதவு மட்டும் திறக்காது.

பேட்டரி உள்ளேதானே இருக்கிறது என்பீர்கள். நம்பர் பலகைக்குப் பக்கத்திலோ கீழேயோ ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள். சில மாடல்களில் பேட்டரியே வெளியில்தான் இருக்கும், சிலவற்றில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க ஒரு துளையோ இரண்டு உலோகப் புள்ளிகளோ இருக்கும். 9 வோல்ட் சதுர பேட்டரியை அந்தப் புள்ளிகளில் அழுத்திப் பிடித்துக்கொண்டே நம்பர் போட வேண்டும். அல்கலைன் என்று எழுதியிருக்கும் புது பேட்டரியாக வாங்குங்கள், டிவி ரிமோட்டிலிருந்து கழற்றிப் போட்டால் சரிவராது.

பேட்டரி புதிதாக இருந்தும் திறக்கவில்லை என்றால் அடுத்த சந்தேகம், உள்ளே அடைத்து வைத்திருப்பது. நகைப் பெட்டி, பத்திர ஃபைல், பட்டுப்புடவை என்று திணித்துக் கதவை அமுக்கி மூடினால் உள்ளிருக்கும் பொருள் கதவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், தாழ்க்கம்பி இறுகிவிடும். ஒருவர் கதவை உள்பக்கமாக நன்றாக அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கைப்பிடியை மூடும் பக்கம் லேசாகத் திருகிக்கொண்டு நம்பர் போட்டுவிட்டு உடனே திறக்கும் பக்கம் திருப்பட்டும். பல வீடுகளில் நான் போனதும் செய்த முதல் வேலை இதுதான். அதிலேயே திறந்து, போய் வந்த செலவை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பதற்றத்தில் வேறு வேறு நம்பரைப் போட்டுப் பார்க்க வேண்டாம். மூன்று நான்கு தவறான நம்பர் விழுந்தால் லாக்கர் சில நிமிடம் எதையும் ஏற்காமல் நின்றுவிடும், அப்போது தொடர்ந்து அழுத்தினால் பூட்டு கெட்டுப்போனதாகவே உங்களுக்குத் தோன்றும்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் லாக்கர் வாங்கிய பில்லை எடுத்துக்கொண்டு, கம்பெனியின் சேவைப் பிரிவுக்கு இன்றே போன் செய்யுங்கள், வியாழன் வரை தள்ளிப்போடாதீர்கள். மாடல் பெயர், வரிசை எண், பில் நகல், உங்கள் அடையாள அட்டை எல்லாம் கேட்பார்கள். கேட்கட்டும், உங்கள் லாக்கரை வேறொருவர் திறந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கேள்விகள். திறந்ததும் அவசர சாவியில் ஒன்றை அம்மா வீட்டில் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் மாமனார் போன மாசியில் காலமாகிவிட்டார். அவர் அறையில் சுவரோடு பதித்த பழைய இரும்புப் பெட்டி இருக்கிறது. சாவி கிடைக்கவில்லை. வீட்டில் கிடந்த வேறு சாவிகளைப் போட்டுப் பார்த்தோம், இளகட்டும் என்று தேங்காய் எண்ணெயும் ஊற்றினோம். கொழுந்தனார் கேஸ் கட்டிங் வைத்து அறுத்துவிடலாம் என்கிறார். மாமியாருக்கு மனசே இல்லை. – பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. கேஸ் கட்டிங் வேண்டவே வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன், கொழுந்தனாரிடம் படித்துக் காட்டுங்கள். தங்கம் உருக 1064 டிகிரி சூடு வேண்டும், காகிதம் கருக 230 டிகிரி அளவே போதும். தீப்பிழம்பை இரும்பில் வைத்தால் நகைக்கு முன்னால் பத்திரம், உயில், டெபாசிட் ரசீது, பழைய கடிதங்கள் எல்லாம் போய்விடும். அப்படி அறுத்த ஒரு பெட்டியை, அறுத்து முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். உள்ளே ஒரு கட்டு இன்லேண்ட் லெட்டர், நூல் கட்டியபடியே கறுப்பாக இருந்தது. தொட்டதும் அப்பளம்போல நொறுங்கியது. அந்த வீட்டு அம்மாள் அந்தத் துகளை முந்தானையில் அள்ளி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொன்று, பழைய தீத்தடுப்புப் பெட்டிகளில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஏதாவது நிரப்பியிருப்பார்கள், சிலவற்றில் அது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். கிரைண்டர் வைத்து அறுத்தால் அந்தத் தூசி வீடெல்லாம் பரவி நுரையீரலுக்குள் போகும்.

சுத்தியலும் கடப்பாரையும்கூட வேண்டாம். நல்ல பெட்டிகளில் பூட்டை உடைக்க முயன்றால் தானாக விழும் இரண்டாவது தாழ் இருக்கும், எங்கள் தொழிலில் ரீலாக்கர் என்போம். அது விழுந்துவிட்டால் அப்புறம் சரியான சாவியே கிடைத்தாலும் திறக்காது. ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும், கூலியும் அதற்கேற்ப ஏறும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் சாவியை இன்னும் ஒரு வாரம் தேடுங்கள். இந்தப் பெட்டிகளைப் பெரும்பாலும் இரண்டு சாவியோடுதான் விற்றார்கள். இரண்டாவதைப் பெரியவர்கள் வீட்டில் வைப்பதில்லை. வங்கி லாக்கர், கடைக் கல்லாப்பெட்டி, கணக்கு எழுதியவர் வீடு, பூஜை அலமாரியில் விபூதிச் சம்புடத்துக்குக் கீழே என்று எங்கெங்கோ கிடைத்திருக்கிறது. மாமனாரோடு பழகிய பெரியவர்களைக் கேளுங்கள், சாவி மட்டுமல்ல, திறக்கும் விதமும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். சில பழைய பெட்டிகளில் கண்ணுக்குத் தெரியும் துவாரம் மட்டுமே துவாரம் இல்லை, ஒரு பித்தளைக் குமிழைத் தள்ளினால்தான் உண்மையான துவாரம் வெளியே வரும்.

எண்ணெயை இனி ஊற்றாதீர்கள். தேங்காய் எண்ணெய் சில மாதத்தில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட பூட்டுக்குள் மெல்லிய லீவர் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், ஆறு, எட்டு, பத்துகூட இருக்கும். ஒவ்வொன்றையும் சாவி அதனதன் உயரத்துக்குத் துல்லியமாகத் தூக்கினால்தான் தாழ் நகரும். பிசின் ஏறினால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் ஊற்றியதைப் பெட்டி திறக்க வருபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவர் அதைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

லீவர் பூட்டுக்கு மாதிரிச் சாவி இல்லாமலே சாவி வெட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் திண்டுக்கல்காரர். வெறும் தகட்டுச் சாவியை நுழைத்துத் திருகி, வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, லீவர் பட்ட இடத்தில் விழுந்த மயிரிழைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து அரம் போடுவார். அரை நாள் பிடிக்கும், ஆனால் பெட்டியில் ஒரு கீறல் இருக்காது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, கையால் அரம் போடும் கைகள்தான் குறைந்துகொண்டே போகின்றன. இந்த வழி பலிக்காதபோது, பூட்டின் அமைப்பு தெரிந்த ஆள் சரியான ஓர் இடத்தில் சின்னத் துளை போட்டு, மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்துத் திறப்பார். அப்புறம் துளையை அடைத்து, பூட்டை மாற்றிப் பெட்டியைத் திரும்பப் புழங்கும்படி கொடுத்துவிடுவார்.

வேலை தெரிந்தவரை வரவழைக்கும் நாளில் மாமியார், உங்கள் கணவர், கொழுந்தனார், நாத்தனார் இருந்தால் அவரும், எல்லோரும் வீட்டில் இருக்கட்டும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்ததும் எதையும் எடுக்காமல் முதலில் வீடியோ, அடுத்து பட்டியல், பட்டியலில் எல்லோர் கையெழுத்தும். யார் மீதும் சந்தேகம் இருப்பதால் சொல்லவில்லை. பெட்டி திறந்த பிறகு பத்து வருடம் பேசாமல் போன அண்ணன் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

கேள்வி: இணையத்தில் நம்பர் தேடி ஒருவரைக் கூப்பிட்டேன். போனில் 500 ரூபாய் என்றார், வந்து ஐந்து நிமிடத்தில் டிரில் போட்டுத் திறந்துவிட்டு 8,000 கேட்டார். இது நியாயமா? நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? – மதுரை வாசகர்

பதில்: நியாயமில்லை ஐயா. போனில் சொன்னது வந்து பார்ப்பதற்கான தொகை மட்டும் என்று பிறகு சொல்லியிருப்பார். வந்ததும் டிரில்லைக் கையில் எடுப்பவர் பெட்டகம் தெரிந்தவர் இல்லை. தெரிந்தவர் போனிலேயே நிறையக் கேட்பார். என்ன கம்பெனி, சாவியா நம்பரா வட்டத் திருகா, எப்போதிலிருந்து திறக்கவில்லை, இதற்கு முன் யாராவது கை வைத்தார்களா, போட்டோ அனுப்ப முடியுமா என்றெல்லாம். பெட்டி உங்களுடையதுதானா என்றும் கேட்பார். அப்படிக் கேட்காதவரை வீட்டுக்குள் விடாதீர்கள், நாளைக்கு வேறு யாராவது கூட்டிப்போய் உங்கள் பெட்டியைக் காட்டினாலும் கேட்காமல் திறந்துவிடுவார்.

தயாரித்த கம்பெனியிடமே முதலில் கேளுங்கள். கம்பெனி மூடிவிட்டிருந்தால் உங்கள் ஊர் நகைக்கடைக்காரரிடமோ அடகுக் கடையிலோ, அவர்கள் பெட்டகத்தை யார் பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள். வந்து பார்க்க எவ்வளவு, சேதமில்லாமல் திறந்தால் எவ்வளவு, துளை போட்டால் எவ்வளவு, புதுப் பூட்டு அதில் சேர்த்தியா என்று நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களைக் கேட்காமல் துளை போடக் கூடாது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

தெருமுனையில் சாவி போடுபவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. பீரோவுக்கும் அதன் உள் லாக்கருக்கும் அவரே போதும், நன்றாகவே செய்வார். கனத்த பெட்டகம் வேறு வேலை.

கேள்வி: வங்கி லாக்கர் சாவி தொலைந்துவிட்டது. வங்கியில் டூப்ளிகேட் இருக்குமா? – திருச்சி வாசகி

பதில்: இருக்காது. வங்கியிடம் இருப்பது அவர்களுடைய சாவி மட்டும், அதையும் உங்கள் சாவியையும் போட்டால்தான் லாக்கர் திறக்கும். உடனே எழுத்தில் தகவல் கொடுங்கள், சில கிளைகளில் போலீஸ் புகார் நகலும் கேட்பார்கள். வங்கியே தன் அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்ப ஆளை வரவழைத்து, நீங்கள் நேரில் இருக்கும்போது உடைத்துத் திறக்கும். வெளியிலிருந்து நீங்கள் ஆள் கூட்டிப்போக முடியாது. உடைக்கும் செலவு, புதுப் பூட்டு, சாவி எல்லாம் உங்கள் கணக்கில்தான். பக்கத்து லாக்கர்களுக்குச் சேதம் வரக்கூடாது, உள்ளே இருப்பது உங்களைத் தவிர வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விதிமுறையிலேயே இருக்கிறது. அதனால் திறந்ததும் மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

கேள்வி: காந்தத்தை வைத்தே லாக்கரைத் திறக்கும் வீடியோக்கள் உண்மையா? எங்கள் லாக்கருக்கும் பயமாக இருக்கிறது. – சேலம் வாசகர்

பதில்: மலிவான சில மாடல்களில் உண்மைதான். உங்கள் லாக்கர் அந்த ரகம் என்றால் அதில் நகை வைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். ஆனால் அதைவிட அதிகம் நான் பார்த்த ஓட்டை வேறு. கம்பெனி வைத்து அனுப்பிய நம்பரை மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க அணுகுண்டு ஆராய்ச்சி நடந்த லாஸ் அலமோஸில் ஒரு பெரிய அதிகாரியின் கனத்த பெட்டகத்தை அங்கிருந்த பூட்டுக்காரர் திறந்ததே இப்படித்தான், தயாரிப்பாளர் வைத்த எண்ணையே போட்டுப் பார்த்திருக்கிறார். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் அதை எழுதியிருக்கிறார்.

இன்றைக்கே நம்பரை மாற்றுங்கள். பிறந்த நாள், வண்டி நம்பர் வேண்டாம். மாற்றியதும் கதவை மூடிவிடாதீர்கள், கதவு திறந்திருக்கும்போதே தாழை வெளியே நீட்டி, புது நம்பரைப் போட்டு உள்ளே இழுத்து, மூன்று முறை செய்து பாருங்கள். மூன்று முறையும் சரியாக வந்தால் மட்டும் மூடுங்கள்.