காய்கறி சைட்டுக்கு 45,000 ரூபா "பேக்கேஜ்" எதுக்கு?

மதுரையில இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. சுத்துப்பட்டு விவசாயிகளோட காய்கறி, கீரை, சுயஉதவிக்குழு அக்காக்கள் அரைக்கிற மிளகாய்த்தூள், சாம்பார் பொடி இதெல்லாம் ஒரே சைட்ல கிடைக்கணும், கூடவே "நூறு ரூபாய்க்குள்ள நாலு பேருக்கு மதிய சாப்பாடு"ன்னு தினம் ஒரு சமையல் குறிப்பு போடணும்னு பிளான். ஒரு ஏஜென்ட் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ், ஜிஎஸ்டி, பிரைவேட் லிமிடெட் கம்பெனி, டிரேட்மார்க், ஆப் எல்லாம் சேர்த்து 45,000 ஆகும், இது இல்லாம சைட்டே போடக்கூடாதுன்னு சொல்லிட்டாராம். இது நிஜமான்னு கேக்குறாங்க.

நிஜம் கொஞ்சம், மிரட்டல் நெறைய.

முதல்ல ஒண்ணு முடிவு பண்ணுங்க. சரக்கு யார் கையில இருக்கப்போகுது, காசு யார் அக்கவுண்ட்ல விழப்போகுது? இந்த ரெண்டுக்கு பதில் தெரிஞ்சா எந்த பேப்பர் வேணும்னு தானா தெரிஞ்சிடும். ஏஜென்ட் உங்ககிட்ட இதைக் கேட்டிருக்கவே மாட்டார், கேட்டா பேக்கேஜ் சின்னதாயிடுமே.

சைட்ல இன்னிக்கு தக்காளி என்ன விலை, எந்த ஊர் விவசாயிகிட்ட கீரை இருக்கு, அதை வச்சு என்ன சமைக்கலாம், இவ்வளவுதான் போடுறீங்க, வாங்குறவர் விவசாயிக்கே போன் போட்டு அவருக்கே காசு கொடுத்துக்குறார்னா நீங்க உணவு வியாபாரமே பண்ணல. லைசென்ஸும் வேணாம் ஜிஎஸ்டியும் வேணாம். நான் என்ன சொல்வேன்னா மூணு நாலு மாசம் இப்படியே ஓட்டுங்க, ஜனங்க வர்றாங்களா, எதைத் தேடுறாங்கன்னு பாருங்க, அதுக்கப்புறம் மத்ததெல்லாம்.

அடுத்த கட்டம், நீங்களே வாங்கி வச்சு, போன்ல சொல்றவங்களுக்கு கொடுத்து அனுப்புறது. இது சாதாரண சில்லறை வியாபாரம். தெரு மளிகைக்கடை அண்ணாச்சி எந்த எஃப்எஸ்எஸ்ஏஐ ரெஜிஸ்ட்ரேஷன்ல கடை நடத்துறாரோ அதே ரெஜிஸ்ட்ரேஷன் போதும். 2011 விதிகள்ல வருஷ விற்பனை 12 லட்சம் வரைக்கும் ரெஜிஸ்ட்ரேஷன், வருஷத்துக்கு 100 ரூபா கட்டணம், அதுக்கு மேல போனா லைசென்ஸ்னு வச்சாங்க. இந்த வரம்பும் கட்டணமும் அப்பப்ப மாத்துற விஷயம், அதனால அப்ளை பண்ற அன்னிக்கு எஃப்எஸ்எஸ்ஏஐயோட ஃபாஸ்காஸ் போர்ட்டல்ல என்ன காட்டுதோ அதையே எடுத்துக்கோங்க. நூறு ரூபா ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மூவாயிரம் நாலாயிரம் வாங்குற ஆளுங்க ஊருக்கு பத்து பேர் இருக்காங்க.

மூணாவது கட்டம்தான் ஏஜென்ட் சொல்றது. சைட்லயே வாங்குற பட்டன் வச்சு ஆர்டர் எடுத்தா அது இ-காமர்ஸ். அதுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐயோட சென்ட்ரல் லைசென்ஸ், நான் எடுத்துக் கொடுத்த வரைக்கும் கட்டணம் வருஷத்துக்கு 7,500. நாங்க சின்ன ஆளுங்க, மாசம் இருபதாயிரத்துக்குதான் விக்கிறோம்னு சொன்னாலும் நடக்காது, பெரிய கம்பெனிக்கும் இதே லைசென்ஸ்தான் உங்களுக்கும் இதே லைசென்ஸ்தான். இது நியாயமான்னு என்னைக் கேக்காதீங்க. கூடை காய் விக்கிற பொண்ணையும் நூறு குடோன் வச்சிருக்கவனையும் ஒரே வரிசையில நிறுத்துற விதியை யார் உக்காந்து எழுதினாங்களோ அவங்களைத்தான் கேக்கணும். அதனாலதான் அவசரப்பட்டு பட்டன் வைக்காதீங்கன்னு சொல்றேன்.

இனி விவசாயிங்க பக்கம். இதுல எல்லாரும் குழம்புறாங்க அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 18ஆவது பிரிவுல விவசாயிக்கும் மீனவருக்கும் இந்தச் சட்டமே பொருந்தாதுன்னு இருக்கு. தன் தோட்டத்துல விளைஞ்சதை அப்படியே விக்கிற வரைக்கும் அவருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் வேணாம். கத்தரிக்காயைப் பறிச்சு கூடையில போட்டு கொடுத்தா விவசாயி. அதே கத்தரிக்காயை நறுக்கி வெயில்ல போட்டு வத்தலாக்கி பாக்கெட் போட்டா அவர் உணவு தயாரிக்கிறவர், ரெஜிஸ்ட்ரேஷன் வேணும். மிளகாயை பழமா கொடுத்தா வேணாம், தூளா அரைச்சு கொடுத்தா வேணும். பக்கத்து தோட்டக்காரர் விளைச்சலையும் சேர்த்து வாங்கி வித்தா? அப்ப அவர் வியாபாரி, தன் தோட்டத்துக்கு இருக்கிற விலக்கு அடுத்தவன் தோட்டத்துக்கு ஒட்டாது. முக்கியமா ஒண்ணு, இந்த விலக்கு விவசாயியோட விலக்கு, உங்களோடது இல்ல. "நான் விவசாயிகிட்ட நேரா வாங்குறேன் அதனால எனக்கு லைசென்ஸ் வேணாம்"னு நெறைய பேர் நம்பிக்கிட்டு இருக்காங்க, தப்பு. காசு கொடுத்து வாங்கி கைமாத்தி விக்கிற நிமிஷம் நீங்க வியாபாரி. பொடி அரைக்கிற அக்காக்களுக்கு அவங்க பேர்ல ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்து வைங்க, சென்ட்ரல் லைசென்ஸ் எடுத்தபிறகு உங்க சைட்ல விக்கிறவங்கள்ல ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டிய ஒவ்வொருத்தர் நம்பரையும் நீங்க வாங்கி வச்சிருக்கணும், "இந்த மாசம் எடுத்துடுறேன் தம்பி"ன்னு சொல்றவங்களை எடுத்தபிறகு ஏத்துங்க.

உழவர் சந்தையில வாங்கி விக்கலாமான்னும் கேட்டிருக்காங்க. 1999 நவம்பர்ல உங்க ஊர் அண்ணா நகர்லதான் முதல் சந்தையே ஆரம்பிச்சாங்க, விவசாயி நேரா சாப்பிடுறவங்களுக்கு விக்கணும்னு. நீங்க அங்க போய் மூட்டையா தூக்கி ரெண்டு ரூபா வச்சு வித்தா, யார் வேணாம்னு அந்தச் சந்தையைக் கட்டினாங்களோ அந்த ஆள் நீங்கதான். விலைப்பலகையை தினம் காலையில பாத்து சைட்ல போடுங்க, அது உங்க வாசகருக்கு நல்ல உபயோகம். சரக்கு வேணும்னா தோட்டத்துக்குப் போங்க, இல்ல மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போங்க.

ஜிஎஸ்டி. "இ-காமர்ஸ்னாலே ஜிஎஸ்டி கட்டாயம்"னு ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. ஃப்ரெஷ் காய்கறி, கீரை, பழத்துக்கு வரியே கிடையாது, வரியில்லாத பொருள் மட்டும் விக்கிறவருக்கு ரெஜிஸ்ட்ரேஷனும் கிடையாது. மிளகாய்த்தூள் மாதிரி 5% வரி உள்ளதையும் சேர்த்து, நீங்களே வாங்கி உங்க சொந்த சரக்கா தமிழ்நாட்டுக்குள்ள வித்தா வருஷம் 40 லட்சம் வரைக்கும் கவலையில்ல. ஆனா அக்காக்களோட பொடியை அவங்க பேர்லயே உங்க சைட்ல வித்து, காசை நீங்க வாங்கி, கமிஷன் எடுத்துக்கிட்டு மீதியைக் கொடுத்தா கதை மாறுது. அப்ப நீங்க இ-காமர்ஸ் ஆபரேட்டர், வரியுள்ள பொருளுக்கு டிசிஎஸ், அதாவது அவங்களுக்குக் கொடுக்கிற காசுல இருந்து ஒரு பங்கு வரி, பிடிச்சுக் கட்டணும் (1%ஆ இருந்தது 2024 ஜூலையில 0.5% ஆச்சு), அதுக்கு ஜிஎஸ்டி நம்பர் கட்டாயம், ஒரு ரூபாய்க்கு வித்தாலும் கட்டாயம், மாசாமாசம் ரிட்டர்ன் வேற. ஆரம்பத்துல பொடியை காசு கொடுத்து வாங்கி உங்க சரக்கா வித்துடுங்க, தலைவலி மிச்சம்.

இன்னொரு கூத்து, அரிசி பருப்பு. சாக்குல இருந்து அள்ளி எடை போட்டுக் கொடுத்தா வரி இல்ல, அதையே ஒரு கிலோ பாக்கெட்டா கட்டி லேபிள் ஒட்டி வச்சா 2022 ஜூலை 18ல இருந்து 5%. பருப்பு அதே பருப்புதான்.

கம்பெனி விஷயத்துல நான் கொஞ்சம் கோவமாவே சொல்வேன். இப்போதைக்கு உங்களுக்கு பிரைவேட் லிமிடெட் வேணாம். உங்க பேர்ல தனி உரிமையாளரா ஆரம்பிங்க, பேங்க்ல ஒரு கரண்ட் அக்கவுண்ட், ஒரு உத்யம் சான்றிதழ் (சிறுதொழில் பதிவு), அது அரசாங்க போர்ட்டல்ல இலவசம், அதுக்கும் ரெண்டாயிரம் வாங்குறாங்க பாவிங்க. கம்பெனி ஆரம்பிச்சு கொடுக்கிற ஏஜென்ட் அதோட போயிடுவார். வியாபாரம் நடந்தாலும் நடக்காட்டியும் வருஷா வருஷம் ஆடிட், ஆண்டுக் கணக்கு ஃபாரம், விட்டா ஒரு ஃபாரத்துக்கு நாளுக்கு 100 ரூபா லேட் ஃபீஸ். வியாபாரமே ஆரம்பிக்காத கம்பெனிக்கு லட்சக்கணக்குல லேட் ஃபீஸ் கட்டின குடும்பங்களை நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். டிரேட்மார்க் பெருசாகுறப்ப பாத்துக்கலாம்.

சைட் போட்டுத் தர்ற ஆள்கிட்ட இன்னும் ஜாக்கிரதை வேணும். டொமைன் யார் பேர்ல, யார் மெயில்ல வாங்குறாங்கன்னு முதல் நாளே கேளுங்க. நெறைய பேர் தன் பேர்ல வாங்கி வச்சுக்கிட்டு, ரெண்டாவது வருஷம் "ரினியூவல் பதினைஞ்சாயிரம்"னு நிப்பாங்க, கொடுக்கலைன்னா உங்க சைட் உங்களுது இல்ல. சாதாரண டாட் காம், டாட் இன் எல்லாம் வருஷத்துக்கு ஆயிரம் ரூபா சுமார்தான் ஆகும், நீங்களே உங்க மெயில்ல வாங்குங்க. ஆப் இப்ப வேணவே வேணாம், பின்னாடி வேணும்னாலும் கூகுள் பிளே அக்கவுண்ட் ஒரே தடவை 25 டாலர், அதையும் உங்க பேர்லயே திறங்க. "எஃப்எஸ்எஸ்ஏஐ ஆபீஸ்ல இருந்து பேசுறேன், உங்க லைசென்ஸ் கேன்சல் ஆகப்போகுது, இப்பவே பணம் அனுப்புங்க"ன்னு போன் வந்தா கட் பண்ணுங்க. அப்ளிகேஷன் சைட்டோட அட்ரஸ் கடைசியில ஜிஓவி டாட் இன் இருக்கணும், கூகுள்ல மேல விளம்பரமா வர்றதெல்லாம் பெரும்பாலும் ஏஜென்ட் சைட்தான், அரசாங்க சைட் மாதிரியே கலர் அடிச்சு வச்சிருப்பான். உண்மையான போர்ட்டல்ல ஓடிபி சீக்கிரம் வராது, பேஜ் தொங்கும், வியாபார வகை என்னன்னு ஒரு பெரிய லிஸ்ட் காட்டி மனுஷனைக் குழப்பும். அந்த எரிச்சலைத்தான் ஏஜென்ட் காசாக்குறான். போர்ட்டல் ஒழுங்கா இருந்தா இவன் பொழப்பு என்ன ஆகும்? காலையில சீக்கிரமா உக்காருங்க, கொஞ்சம் பரவால்லாம போகும்.

சமையல் குறிப்புக்கு லைசென்ஸ் எதுவும் இல்லதான், ஆனா ரெண்டு பள்ளம் இருக்கு. இன்னொருத்தர் யூடியூப்லயும் பத்திரிகையிலயும் போட்டதை வரிக்கு வரி, போட்டோவோட எடுத்துப் போடாதீங்க. சாமான் அளவு யாருக்கும் சொந்தமில்ல, எழுதின விதமும் படமும் அவங்களுக்குச் சொந்தம். இன்னொண்ணு, "இதைச் சாப்பிட்டா சுகர் குறையும்"னு எழுதி பக்கத்துலயே அந்தப் பொருளை விக்கிறது. தப்பான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல 10 லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு. அதே மாதிரி விவசாயி "மருந்தே அடிக்கல சார்"னு சொன்னதை நம்பி ஆர்கானிக்னு போடாதீங்க, அதுக்கு தனி சான்றிதழ் இருக்கு. ஊர் பேர், பறிச்ச தேதி போடுங்க, வாங்குறவங்களுக்கு அதுவே போதும்.

"நூறு ரூபாய்க்குள்ள"ன்னு தலைப்புல விலையை ஏத்துறதை நான் ஒத்துக்க மாட்டேன். 2023 ஜூலையில தக்காளி கிலோ நூறைத் தாண்டி, அரசாங்கம் ரேஷன் கடையில 60 ரூபாய்க்கு வித்துச்சு, ஞாபகம் இருக்கும். அப்ப உங்க நூறு ரூபா சாம்பார் என்ன ஆகும்? குறிப்புல கிராம் கணக்கு மட்டும் எழுதுங்க, அன்னிக்கு விலையை வச்சு சைட் கூட்டிக் காட்டட்டும், கணக்குப் போட்ட தேதி கீழ இருக்கட்டும். துவரம்பருப்பு ரேஷன்ல 30 ரூபா, பாமாயில் 25 ரூபா, வெளியில வாங்குனா எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். ரேஷன் கார்டு உள்ள வீட்டுக்கு ஒரு தொகை, இல்லாத வீட்டுக்கு ஒரு தொகைன்னு ரெண்டா காட்டுங்க. வாடகை வீட்டுல இருக்கிற வெளியூர் பசங்களுக்கு பெரும்பாலும் இங்க கார்டு இருக்காது. தக்காளி ஏறுற வாரம் புளி போட்டு கீரைத்தண்டு குழம்பு, சீனிஅவரைக்காய் விலை இறங்குற வாரம் பருப்பு உசிலின்னு மார்க்கெட்டைப் பாத்து குறிப்பு போட்டாத்தான் இந்த சைட்டுக்கு அர்த்தம், இல்லாட்டி சமையல் குறிப்பு யூடியூப்ல கொட்டிக் கிடக்கு.

ஏஜென்ட் சொல்லாத ரெண்டு. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடணும், தொழிலாளர் துறையோட எடையளவு பிரிவு வேலை அது. பட்டன் வச்சு விக்க ஆரம்பிச்சதும் உங்க பேர், அட்ரஸ், புகார் வாங்குற ஆள் யாருன்னு சைட்ல போடணும், புகார் வந்தா 48 மணி நேரத்துல வந்துச்சுன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும், 2020 நுகர்வோர் விதி அது.

ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சான்னு நீங்க எழுதல. கொடுத்திருந்தீங்கன்னா இன்னிக்கே ரெண்டு கேளுங்க: எந்த அப்ளிகேஷன் போட்டாச்சு, அதோட நம்பர் என்ன. போர்ட்டல் லாகின்ல அவர் மொபைலும் மெயிலும் இருந்தா உங்களோடதா மாத்தச் சொல்லுங்க, இல்லாட்டி பின்னாடி வர்ற ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். கம்பெனி அப்ளிகேஷன் இன்னும் போடலைன்னா நிறுத்தச் சொல்லி வாட்ஸ்அப்ல எழுத்துலயே அனுப்புங்க, போன்ல சொன்னா சொல்லவே இல்லைன்னுடுவாங்க.