தோள் வலியைத் தள்ளிப்போடாதீங்க

28 நாள் சாச்சுரேஷன் டைவிங் (வாரக்கணக்கா அழுத்த அறையிலயே தங்கி ஆழ்கடல்ல வேலை பார்க்கறது) முடிச்சு வந்த உங்க கணவர் பத்து நாளா அசதியா இருக்கார், தோளும் வலிக்குதுன்னு எழுதியிருக்கீங்க.

அசதி எதிர்பார்த்ததுதான். அழுத்த அறையில ஆக்ஸிஜன் அழுத்தம் கூடுதல். அதனால உடம்பு ரத்தச் சிவப்பணு உற்பத்தியைக் குறைச்சுக்கும், வெளியே வந்ததும் அசதி தெரியும். தேற சில வாரம் ஆகலாம்.

தோள் வலி வேற கதை. இந்தத் தொழில்ல தோள், இடுப்பு எலும்பு முனைகள் ரத்த ஓட்டமில்லாம செத்துப்போறது உண்டு. ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது, எம்ஆர்ஐ கேளுங்க. டைவிங் மருத்துவம் தெரிஞ்ச டாக்டர் நல்லது. வேற டாக்டர்னா தொழிலை முதல்லயே சொல்லிடுங்க, இல்லேன்னா சுளுக்குன்னு அனுப்பிடுவாங்க. வலி, அறை அழுத்தத்தைக் குறைச்சு வெளியே கொண்டுவரும்போதே ஆரம்பிச்சுதா, கை மரத்துப்போகுதா? அப்படின்னா இன்னைக்கே போங்க.

எரிஞ்சு விழறாரா? ஒரு மாசம் அந்த டப்பா மாதிரி அறைக்குள்ள ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிச்சு கீச்சுக்குரல்ல பேசிட்டிருந்தவர், கொஞ்சம் விட்டுப்பிடிங்க. ஸ்கேன் பார்க்காம அடுத்த வேலைக்கு மட்டும் அனுப்பாதீங்க.