பைக் செயின்: சாவி சட்டைப் பையில் இருக்கட்டும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி செயினைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை வந்தவற்றுக்குப் பதில்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்து ஆயில் விட வேண்டும்? (மேலூர்)

500. மழையில் நனைந்தால் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே. கிரஷர் லாரிகளுக்குப் பின்னால் தினமும் போய் வருகிறவர் என்றால் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் தூசி ஆயிலோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி பல்சக்கரத்தின் பல்லைத் தேய்த்துவிடும்.

பெட்ரோல் ஊற்றிக் கழுவலாமா? (கே.புதூர்)

கூடாது. ஓ-ரிங் செயினில் ரப்பர் வளையம் கெட்டுவிடும். உள்ளே அடைத்து வந்த கிரீஸ் ஒருமுறை வெளியேறினால் திரும்ப அடைக்க வழியில்லை. மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். கம்பி பிரஷ் பக்கமே போகாதீர்கள்.

வண்டியில் செயின் சத்தம் வருகிறது. என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? என்ன வண்டி, எவ்வளவு ஓடியது, கடைசியாக எப்போது ஆயில் விட்டீர்கள், எதுவுமே இல்லை. இப்படி எழுதினால் எதை வைத்துப் பதில் சொல்வது? எஞ்சினை அணைத்துவிட்டு, கீழ்ச் செயினை நடுவில் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். 100, 125 சிசி வண்டிக்கு 2, 3 சென்டிமீட்டர் ஆட்டம் சரி. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலு இடத்தில் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் விறைப்பாகவும் இன்னோரிடத்தில் தொங்கலாகவும் இருந்தால் அந்தச் செயினின் ஆயுள் முடிந்தது.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, முதல் கியரில் ஓடவிட்டுத் துணியைப் பிடித்தால் 2 நிமிடத்தில் செயின் பளபளக்கிறது. மெக்கானிக்குகளே இப்படித்தான் செய்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? (உசிலம்பட்டி)

நான் தொழில் பழகிய பட்டறையில் என்னோடு இருந்த பையனும் துணிதான் பிடித்திருந்தான். 17 வயது. பனியன் வேஸ்டில் தொங்கிய நூல் ஒன்று பின் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டும் பல்சக்கரம்) பல்லில் மாட்டியது. நூல் துணியை இழுத்தது, துணி விரலை இழுத்தது. நான் எட்டிச் சாவியைத் திருப்புவதற்குள் ஆள்காட்டி விரலில் முதல் கணு போய்விட்டது. பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது அவன் வலியைப் பற்றிப் பேசவில்லை. "அம்மாகிட்ட என்னண்ணே சொல்றது" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தான்.

ஆக்சிலேட்டர் முறுக்காமல் முதல் கியரில் விட்டால்கூட பின் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு அரை மீட்டர் செயின் பல்லுக்குள் போகிறது. கையை எடுத்துவிடலாம் என்று நினைப்பதற்கே விநாடியில் பாதி ஆகிவிடும். முன்னோக்கி ஓடும்போது கீழ்ச் செயின் நேராகப் பின் பல்லுக்குள்தான் நுழைகிறது. நீங்கள் துணி பிடிப்பதும் அங்கேதான்.

சரி, எப்படிச் செய்வது? நியூட்ரல். எஞ்சின் அணைந்து, சாவி சட்டைப் பைக்குள். இடது கையால் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். அப்போது கீழ்ச் செயின் பின் பல்லை விட்டு விலகி ஓடும். துணி பிடித்த கை பல்லிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும், கையால் சுற்றினாலும் பல் பல்தான். 2 நிமிடத்துக்குப் பதில் 10 நிமிடம் ஆகும். ஆகட்டும். உங்கள் மெக்கானிக் ஓடவிட்டுத் துடைத்தால் அவரிடமும் நிறுத்தச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலைச் செயினுக்கு விடலாமா? (செக்கானூரணி)

அதில் இருப்பது கரியும் தேய்ந்த இரும்புத் துகளும். அதைக் கொண்டுபோய் செயினுக்கே ஊட்டுவானேன்? 90 நம்பர் கியர் ஆயில் அரை லிட்டர் வாங்கினால் வருடக்கணக்கில் வரும். வண்டி ஓட்டி வந்து செயின் இளஞ்சூட்டில் இருக்கும்போது, கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓடும்போது ஆயில் வெளிப்பக்கம் தானே பரவும். ராத்திரி ஊறவிட்டு, காலையில் மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். வழிய வழிய விட்டால் மண்தான் ஒட்டும்.

தேங்காய் எண்ணெய்? (அலங்காநல்லூர்)

வேண்டாம். நிற்காது.

செயினை மட்டும் மாற்றினால் போதாதா? (திருப்பரங்குன்றம்)

போதாது. முன் பல், பின் பல், செயின் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினைச் சில மாதத்தில் தின்றுவிடும்.

செயின் லாக் கிளிப்பை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது? (வாடிப்பட்டி)

மூடிய முனை செயின் ஓடும் திசையில்.

காட்டுக்குப் போய் வந்தால் கரிசல் அப்பிக்கொள்கிறது. (பேரையூர்)

ஈரமாக இருக்கும்போதே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி இறக்கிவிடுங்கள். காய்ந்த பிறகு ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் ஓ-ரிங் கிழியும். வாட்டர் சர்வீஸ் கடையில் பைப்பைச் செயினுக்கு நேராகப் பீய்ச்ச விடாதீர்கள், தண்ணீர் ரப்பரைத் தாண்டி உள்ளே போய்விடும். உலர்ந்ததும் ஆயில். அப்போதும் எஞ்சின் அணைந்தே இருக்கட்டும்.