சாதகக் கொப்பிக்குள் ஒரு வைத்தியக் கடிதம்

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயதும் எட்டு மாதமும் ஆகின்றன. பிறந்தபோதே வலது பக்க விதை பைக்குள் இல்லை என்று சொன்னார்கள். ஏழாம் மாதம் கிளினிக்கில் டொக்டர் பெரியாஸ்பத்திரியில் காட்டச் சொல்லிக் கடிதம் தந்தார். வளர வளரத் தானாக இறங்கும், வெளியில் தெரிந்தால் நாளைக்கு யார் பெண் தருவார்கள் என்று மாமி சொன்னதால் போகவில்லை. கடிதத்தை மகனின் சாதகக் கொப்பிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அவருக்கு இது தெரியாது. போன மாதம் எங்கள் நாய்க்கும் ஒரு விதை இறங்கவில்லை என்று கண்ட மிருக வைத்தியர், விட்டால் புற்றுநோய் வரக்கூடும் என்று இரண்டையும் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நாய்க்குச் சொன்னது மகனுக்கும் பொருந்துமா?
பெயர் வேண்டாம், இணுவில்.

பதில்: தங்கச்சி, நாயைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி வேறு. வைத்தியர் தந்த கடிதத்தைச் சாதகக் கொப்பிக்குள் வைத்திருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையின் நிறையும் ஊசி போட்ட திகதிகளும் எழுதிய கிளினிக் கொப்பி உங்கள் வீட்டில் இருக்கிறது. ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் ஊசிக்காக அதை எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். கடிதம் அதற்குள் இருந்திருந்தால், விரித்த உடனே குடும்பநல உத்தியோகத்தரின் கண்ணில் பட்டிருக்கும். ஏன் இன்னும் காட்டவில்லை என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வி வராத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் பூசிய அந்தக் கொப்பியை இன்னும் இருபத்தைந்து வருடங்களுக்கு எவரும் திறக்கப் போவதில்லை. திறக்கிற அன்று பொருத்தம் பார்க்க வந்தவர்கள் முன்னால் இருப்பார்கள். பால்பல் விழாத ஒரு பிள்ளையின் வைத்தியத்தை அவனுடைய கலியாணத்துக்குப் பயந்து நிறுத்தி வைத்தது பெரிய பிழை. மாமி சொன்னார் என்பதற்காக அந்தப் பிழை உங்களுடையது இல்லை என்று ஆகிவிடாது.

மாமி சொன்னதில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. ஆண் குழந்தையின் விதைகள் கருவில் வயிற்றுக்குள், சிறுநீரகங்களுக்கு அருகில் உருவாகிப் படிப்படியாகக் கீழே வந்து, கடைசி மாதங்களில் கவட்டு வழியாகப் பைக்குள் இறங்குகின்றன. நாள் நிறைந்து பிறக்கும் ஆண் குழந்தைகளில் 100க்கு ஏறக்குறைய 3 பேருக்கும், குறைமாதத்தில் பிறப்பவர்களில் அதைவிட மிகக் கூடுதலானவர்களுக்கும் அந்தப் பயணம் முடியாமல் இருக்கும். இவர்களில் பலருக்குப் பிறந்த முதல் சில மாதங்களில் தானாகவே இறங்கிவிடும். ஆறு மாதம் தாண்டியும் இறங்காத விதை அதன் பிறகு தானாக இறங்குவது மிக அரிது. அதனால்தான் டொக்டர் ஏழாம் மாதத்தில் கடிதம் எழுதினார். சத்திரசிகிச்சைக்கு ஏற்ற காலம் ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை என்பதே வைத்தியர்களின் வழிகாட்டல். உங்கள் மகனுக்கு அந்தக் காலம் முடிந்து இரண்டு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

விதை உடம்பின் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு பாகை குறைவான சூட்டில் வேலை செய்ய அமைந்த உறுப்பு; பை வெளியே தொங்குவது அதற்காகத்தான். உள்ளே தங்கிய விதையில், பின்னாளில் விந்தை உண்டாக்க வேண்டிய கலங்கள் குழந்தைப் பருவத்திலேயே குறையத் தொடங்குகின்றன. புற்றுநோய் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். சுவீடனில் இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஏறக்குறைய 17,000 பேரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 வயதுக்கு முன் செய்துகொண்டவர்களுக்கு அந்த ஆபத்து மற்ற ஆண்களைவிட 2 மடங்கு அளவிலும், அதற்குப் பின் செய்துகொண்டவர்களுக்கு 5 மடங்குக்கு மேலும் இருந்தது. மற்ற ஆண்களுக்கு இந்த நோய் அரிது என்பதால் மடங்குக் கணக்கைக் கண்டு மயங்கி விழ வேண்டாம். ஆனால் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போட அதைச் சாட்டாகவும் எடுக்க வேண்டாம்.

சில பிள்ளைகளுக்குக் குளிரிலோ தொட்ட கூச்சத்திலோ விதை மேலே ஏறி ஒளித்துக்கொள்ளும். வெந்நீரில் வார்க்கும்போதோ குந்தி இருக்கும்போதோ பைக்குள் வந்து நிற்கும். அது இயல்பு, வருடத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். உங்கள் மகனுடையது அந்த வகையா என்பதைக் கையால் தடவிப் பார்க்கத் தெரிந்த வைத்தியர்தான் சொல்ல வேண்டும். வெளியில் காசு கட்டி ஸ்கான் எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்காதீர்கள். ஸ்கானில் தெரியாத விதையும் உள்ளே இருப்பதுண்டு.

இனி நாய்க்கு வருவோம். நாய்க்குட்டிக்கு இரண்டு மாதமளவில் விதைகள் இறங்கிவிடும். ஆறு மாதமாகியும் இறங்காவிட்டால் பிறகு இறங்காது. இந்தக் குறை குட்டிகளுக்கும் கடத்தப்படக்கூடியது என்பதாலும், உள்ளே கிடப்பது கட்டியாக மாறவோ முறுகவோ கூடும் என்பதாலும் மிருக வைத்தியர் இரண்டையும் எடுத்தார். அவர் செய்தது சரி. பிள்ளைக்குச் செய்வது வேறு. கவட்டில் சிறிதாகக் கீறி, விதையை அதன் இரத்தக் குழாய் அறாமல் கீழே கொண்டுவந்து பைக்குள் தைத்து நிறுத்துவார்கள். உள்ளிருக்கும் விதை வளராமல் கருகிப்போயிருந்தால் மட்டுமே அதை எடுப்பார்கள். சேவலுக்கு உள்ளேதானே இருக்கிறது என்று மாமி கேட்கக்கூடும். சேவலைத் துப்புரவாக்கிய எவரும் முதுகெலும்போடு ஒட்டிய அந்த இரண்டு வெள்ளை விதைகளைக் கண்டிருப்பார்கள். பறவையின் உடம்பு அந்தச் சூட்டுக்கென்றே அமைந்தது, மனிதனுடையது அப்படி அமையவில்லை.

உங்கள் கணவருக்கு இன்று இரவே சொல்லுங்கள். பாலைவன வெயிலில் உழைத்து அனுப்புகிற மனிதருக்கு நாயின் சத்திரசிகிச்சை தெரியும், மகனுடைய குறை தெரியாது என்றால் அது அவருக்குச் செய்கிற அநியாயம். மாமியை மதியுங்கள், சோறு போடுங்கள், கை பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். பிள்ளையின் வைத்தியத்தில் முடிவெடுக்கிற இடம் தாய் தகப்பனுடையது. பெண் தருவார்களா என்ற அவருடைய பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இறங்காதிருந்த ஆண்களில் பெரும்பாலோர் தகப்பன்மாராகிறார்கள். கலியாணத்தைக் கெடுப்பது மறைத்துச் செய்வதுதான். வருகிறவளும் ஒரு தாய் பெற்ற பிள்ளை.

வருகிற கிளினிக் நாளில் பிள்ளையையும் பழைய கடிதத்தையும் கொண்டுபோங்கள். திகதி பழையதென்றால் புதிதாக எழுதித் தருவார்கள். பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் காசு இல்லை. வெட்டுகிற நாளுக்குக் காத்திருக்க நேரலாம், எனவே பெயர் பதிவதைப் பிந்த விடாதீர்கள். இடையில் கவட்டில் வீக்கமோ திடீர் நோவோ கண்டால் கிளினிக் நாள் வரை பொறுக்காமல் அந்த நேரமே ஓடுங்கள். சத்திரசிகிச்சை முடிந்தால் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு விடுவார்கள். அதன் பிறகு வைத்தியர் சரி என்று சொல்லும்வரை அவனை மூன்று சில்லுச் சைக்கிளில் ஏறவோ, எவரும் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு போகவோ விடாதீர்கள். அவனுக்குப் பதினான்கு, பதினைந்து வயதாகும்போது நடந்ததை நீங்களோ கணவரோ அவனிடம் சொல்லி, மாதம் ஒருமுறை தன் கையால் தடவிப் பார்க்கவும், கட்டி ஏதும் தட்டுப்பட்டால் உடனே வந்து சொல்லவும் பழக்குங்கள்.