எல்லாரும் கை தூக்கினால் விடுதலை

கேள்வி: கடவுள் ஒருவரே என்று யூதர்கள் காலையும் மாலையும் ஓதுகிறார்கள். அந்த ஒருவர் நம் எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்திருந்தால் உலகத்தில் சண்டையே இருந்திருக்காதே?
– எம்., திண்டுக்கல்

பதில்: அச்சு என்ற சொல்லைப் பத்திரிகைக்காரனிடம் நீட்டினால் சும்மா விடுவானா? வார்த்தது ஒரே அச்சில்தான் என்று யூத மத அறிஞர்களான ரபிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூல் மிஷ்னாவில், நீதிமன்றங்களைப் பற்றிய சன்ஹெட்ரின் பகுதி, நாலாம் அதிகாரம். மனிதன் ஒரு முத்திரையால் எத்தனை காசு அடித்தாலும் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ராஜாதி ராஜன் ஒவ்வொரு மனிதனையும் ஆதாமின் முத்திரையால்தான் அடித்தான், ஆனால் ஒருவனாவது இன்னொருவன் மாதிரி இல்லை என்கிறது. அச்சகத்தில் இப்படி நடந்தால் தாளைக் கிழித்துப்போட்டு மெஷின்காரரைத் திட்டுவோம். அங்கே அதுதான் கடவுளின் பெருமை.

இது பக்திப் பிரசங்கத்தில் வருகிற வரி இல்லை. மரண தண்டனை வழக்கில் சாட்சி சொல்ல வந்தவனை நிற்கவைத்து நீதிமன்றம் மிரட்டுகிற இடம். பண வழக்கில் பொய் சொன்னால் பணத்தைக் கட்டித் தீர்த்துக்கொள்ளலாம். உயிர் வழக்கில் செத்தவன் ரத்தமும் அவனுக்குப் பிறந்திருக்க வேண்டிய சந்ததிகளின் ரத்தமும் உன் தலையில் என்கிறார்கள். பிறகு, ஆதியில் ஏன் ஒரே ஒருவன் படைக்கப்பட்டான் என்று காரணங்களை அடுக்குகிறார்கள். அதில் ஒன்று சமாதானத்துக்காக: ‘என் அப்பன் உன் அப்பனைவிடப் பெரியவன்’ என்று எவனும் சொல்லிவிடக் கூடாது. மணமகள் தேவை விளம்பரம் கொடுப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம்.

ரபி மேயர் இன்னும் நடைமுறைக்காரர். மனிதருக்கு மனிதர் குரலும் முகமும் புத்தியும் வேறுபடும் என்கிறார். முதல் இரண்டும் கள்ள உறவைத் தடுக்க. புத்தி வேறுபடுவது திருடர்களுக்காக. நீங்கள் பணத்தை ஒளித்த இடம் திருடனுக்கும் அப்படியே தோன்றிவிடக் கூடாதே! ஆண்டவனின் கருணை அந்த அளவுக்கு இறங்கி வருகிறது. நம் வீடுகளில் மட்டும் எல்லாருக்கும் அரிசி டின்தான் தோன்றுகிறது, அது வேறு விஷயம்.

இனி இந்தப் பக்கத்தின் பழைய எரிச்சல்: ‘தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.’ சங்க அறிக்கைகளில் இந்த வரி வந்தால் வெட்டுவோம், செயலாளர்கள் கோபித்துக்கொள்வார்கள், மறுபடியும் வெட்டுவோம். அந்த யூத நீதிமன்றத்தைப் பாருங்கள். உயிர் வழக்குக்கு 23 நீதிபதிகள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய அரைவட்டமாக உட்கார வேண்டும். பேச்சு ஓரத்தில் இருக்கும் இளையவரிடம் தொடங்கும். பெரியவர் முதலில் வாய் திறந்துவிட்டால் அப்புறம் யார் மறுத்துப் பேசுவார்? 12 பேர் விடுதலை, 11 பேர் தண்டனை என்றால் ஆள் விடுதலை. 12 பேர் தண்டனை, 11 பேர் விடுதலை என்றால் தண்டனை கிடையாது. இரண்டிரண்டு பேராகச் சேர்த்துக்கொண்டு 71 வரை போக வேண்டும். விடுதலையை அன்றே அறிவிக்கலாம். தண்டனையை ஒரு ராத்திரி தள்ளிவைக்க வேண்டும்.

23 பேரும் ஒரே குரலில் ‘குற்றவாளி’ என்றால்? விட்டுவிடு என்கிறார், மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தால்முத்தில், ரவ் கஹானா என்ற ரபி. ராத்திரி தள்ளிவைப்பதே அவன் பக்கம் ஏதாவது நியாயம் தோன்றாதா என்றுதான். அதைத் தேட அங்கே ஒருத்தர்கூட இல்லையே!

நம் பொதுக்குழுக்களை இந்தச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தால் ஒரு தீர்மானமும் தேறாது. தலைவர் முதலில் பேசுவார், இளையவர் கை தட்டுவார், வழிமொழிகிறவரை முந்தின நாளே பேசிவைத்திருப்பார்கள், மறுத்துப் பேச இருந்த ஒரே ஆள் போண்டா தீர்ந்துவிடுமே என்று வெளியே போயிருப்பார்.

சண்டையா? ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு ரபிகளின் வழிவந்த பள்ளிகள் போடாத சண்டையா! யாரை யார் மணக்கலாம் என்பதிலேயே ஒருவர் ஆகும் என்பதை மற்றவர் ஆகாது என்பார். அப்படியும் இரு தரப்பும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதை நிறுத்தவில்லை என்கிறது மிஷ்னா. சட்டம் ஹில்லேல் பக்கம் நின்றதற்குத் தால்முத் சொல்லும் காரணம் பணிவு: எதிராளியின் வாதத்தையும் கற்பித்தார்கள், அதுவும் தங்கள் வாதத்துக்கு முன்னால். கடிதப் பகுதிக்கு எழுதும் அன்பர்கள் ஒரு தடவையாவது முயன்று பார்க்கலாம்.

படைத்ததே சரியில்லை என்கிற உங்கள் புகாரும் புதிதில்லை. மனிதன் படைக்கப்பட்டது நல்லதா, படைக்கப்படாமலே இருந்திருந்தால் நல்லதா என்று அந்த இரண்டு பள்ளிகளும் இரண்டரை வருஷம் வாதாடின. கடைசியில் வாக்கெடுத்தார்கள். படைக்காமல் இருந்திருந்தால் நல்லது. படைத்தாகிவிட்டது, இனி தான் செய்கிறதைத் தானே சோதித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. யாருக்கு எத்தனை வாக்கு என்பதைத் தால்முத் சொல்லவில்லை.